சூப்பர்மேன் சண்டை: என் ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பரீட்சை விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம், ரயில் டிக்கெட், இவற்றோடு சினிமா டிக்கெட்டும் போட்டுக் கொடுப்பேன். 2025 ஜூலை 11-இல் புது சூப்பர்மேன் வந்தபோது டிக்கெட் போட வந்த பசங்கள் டிக்கெட் கைக்கு வந்த பிறகும் கிளம்பவில்லை. கடை வாசலில் இரண்டு கட்சி. ஒன்று முந்தைய சூப்பர்மேன் ஹென்றி காவில் கட்சி, மற்றது புது ஆள் டேவிட் கோரன்ஸ்வெட் கட்சி. படம் தியேட்டரை விட்டுப் போயும் சண்டை போகவில்லை. கேட்ட கேள்வியையே வேறு வேறு வாயால் கேட்டுச் சலித்ததால் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

படம் பார்க்காதவர்கள் 9, 11 இரண்டையும் தாண்டிப் போங்கள். கதை உடையும்.

1. ரீபூட்னா என்னங்கண்ணா? ரீமேக்கா, பார்ட் டூவா?

இரண்டும் இல்லை. பார்ட் டூ என்றால் முன்கதை அப்படியே தொடரும். ரீமேக் என்றால் ஏற்கெனவே வந்த ஒரு கதையை வேறு ஆட்களை வைத்துத் திரும்ப எடுப்பது. ரீபூட்டில் பாத்திரம் மட்டும் பழையது. முந்தைய படங்களில் நடந்தது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு கதையைப் புதிதாக ஆரம்பிப்பார்கள்.

நம் பக்கத்து ஆளுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். கம்பராமாயணப் பாட்டுதான், அதே ராமன்தான், அதே ராவணன்தான். ஆனால் திரைக்குப் பின்னால் உட்காரும் புலவர் மாறினால் விளக்கம் மாறும், கிண்டல் மாறும், எந்தக் கட்டத்தில் நின்று நிதானமாகப் பேசுவார் என்பதும் மாறும். "போன வருஷம் வாலி இப்படிப் பேசவில்லையே" என்று யாரும் எழுந்து கேட்பதில்லை. சினிமாவில் மட்டும் கேட்கிறோம்.

2. மொத்தம் எத்தனை பேர் சூப்பர்மேனா நடிச்சிருக்காங்க?

பெரிய திரையில் முழு வேடம் கட்டியவர்கள் ஆறு பேர். 1948 தொடர்படத்தில் கிர்க் ஆலின், 1951-இல் ஜார்ஜ் ரீவ்ஸ், 1978 முதல் 1987 வரை நான்கு படங்களில் கிறிஸ்டோபர் ரீவ், 2006-இல் பிராண்டன் ரூத், 2013 முதல் ஹென்றி காவில், 2025-இல் டேவிட் கோரன்ஸ்வெட். டிவி தொடர்களில் நடித்தவர்களைச் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும்.

இதில் சரியான ரீபூட் என்று சொல்லக்கூடியவை 2013-உம் 2025-உம்தான். 2006 படம் ரீவ் நடித்த முதல் இரண்டு படங்களின் தொடர்ச்சி மாதிரிதான் எடுக்கப்பட்டது.

3. தமிழ்ல பார்க்கணும்னா பார்டர் தாண்டித்தான் போகணுமா? அங்க அந்த முத்தக் காட்சியும் இருக்குமாமே?

முதல் பாதிக்கு ஆமாம். கேரளத் தியேட்டர்களில் ஹாலிவுட் படம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே ஓடும். சூப்பர்மேன் தமிழில் பேச வேண்டுமானால் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி, இல்லாவிட்டால் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர். இதைக் கவனிக்காமல் ஒரு குடும்பத்துக்கு நான் இந்தப் பக்கமே டிக்கெட் போட்டுவிட்டேன். கூட வந்த அம்மாயி முக்கால்வாசிப் படம் தூங்கி, நாய் வரும்போது மட்டும் விழித்தாராம். தப்பு என் மேல்தான். அதிலிருந்து எந்த மொழி என்று கேட்டுவிட்டுத்தான் பட்டனை அமுக்குகிறேன்.

இரண்டாம் பாதி வெறும் வதந்தி. தணிக்கைச் சான்றிதழ் இந்தியா முழுவதற்கும் பொது. மாநிலம் மாறினால் காட்சி கூடாது, குறையாது. வானத்தில் மிதந்தபடி வரும் அந்த முத்தம் சுமார் அரை நிமிடம் வெட்டப்பட்டது. வேலந்தாவளம் தாண்டினாலும் அது கிடைக்காது.

4. காவிலை ஏன்ணா தூக்கினாங்க? அவரு என்ன தப்பு செஞ்சாரு?

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தேதிகளை வரிசையாகப் பார்த்தால் கோபம் வருவது நியாயம் என்றே தோன்றும். 2022 அக்டோபர் 21-இல் 'பிளாக் ஆடம்' வெளியானது. அதன் கடைசியில் காவில் ஒரு நிமிடம் தலைகாட்டினார். அக்டோபர் 24-இல் தானே வீடியோ போட்டு, சூப்பர்மேனாகத் திரும்பிவிட்டேன் என்றார். மறுநாளே ஜேம்ஸ் கன், பீட்டர் சஃப்ரான் இருவரும் சூப்பர்மேன் படங்களை எடுக்கும் டிசி ஸ்டுடியோஸின் புதிய தலைவர்கள் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 14-இல் காவில் மறுபடி எழுதினார், தான் இனி சூப்பர்மேன் இல்லை என்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். பழைய நிர்வாகத்தில் இருந்தவர்கள் ஒரு வாக்குக் கொடுத்தார்கள், புதிதாக வந்தவர்கள் வேறு திட்டத்தோடு வந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மாறினால் பழையவர் ஒப்புக்கொண்ட ரோடு வராது, அதே கதை. கன் பிற்பாடு ஒரு பேட்டியில் காவிலுக்கு நடந்தது நியாயமில்லை என்றே பேசினார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோரன்ஸ்வெட் வந்ததால் காவில் போகவில்லை. காவில் போனது 2022 டிசம்பர். கோரன்ஸ்வெட் தேர்வானது 2023 ஜூன். நடுவில் ஆறு மாதம் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது.

5. "சின்ன வயசு சூப்பர்மேன் கதை, அதான் காவில் இல்லை"னு சொன்னாங்களே. புது ஆளுக்கும் முப்பது தாண்டிருச்சே?

காவில் கட்சியின் நல்ல கேள்வி இது. காவில் பிறந்தது 1983 மே, அவருடைய முதல் படம் வந்தது 2013 ஜூன். அப்போது 30 வயது. கோரன்ஸ்வெட் பிறந்தது 1993 ஜூலை 8. அவர் படம் வரும்போது 32 முடிந்து மூன்று நாள். ஆக, முதல் படத்தில் "சின்னப் பையன்" காவில்தான்.

ஆனால் கணக்கை 2025-இல் வைத்துப் பாருங்கள். அப்போது காவிலுக்கு 42. ஒரு ஸ்டுடியோ அடுத்த பத்து வருடத்துக்கு ஒரே ஆளை வைத்துப் படம் எடுக்கத் திட்டம் போடும்போது, 42-இல் ஆரம்பிப்பதும் 32-இல் ஆரம்பிப்பதும் ஒன்றில்லை. "சின்ன வயசுக் கதை" என்பது மென்மையாகச் சொன்ன காரணம். "புதுக் கணக்கு ஆரம்பிக்கிறோம், பழைய பாக்கி வேண்டாம்" என்பதுதான் உண்மைக் காரணம் என்பது என் எண்ணம்.

6. புது ஆளு முகத்துல கெத்தே இல்லைங்களே. இவரை எப்படிப் போட்டாங்க?

முதலில் அளவு. கோரன்ஸ்வெட் உயரம் 6 அடி 4 அங்குலம். ரீவும் அதே உயரம். காவில் 6 அடி 1 அங்குலம். கோரன்ஸ்வெட், ரீவ் இருவருமே நியூயார்க்கின் ஜூலியார்டு நடிப்புப் பள்ளியில் படித்தவர்கள். 1978-இல் ரீவும் முகம் தெரியாத ஆள்தான். படத்தின் டைட்டில் எழுத்தில் மார்லன் பிராண்டோ, ஜீன் ஹேக்மன் இருவருக்கும் அப்புறம் மூன்றாவதாகத்தான் அவர் பெயர் வரும். சூப்பர்மேனாக நடித்தவர் பெயர் மூன்றாவது! நம் ஊரில் இதற்கே போஸ்டர் கிழிந்திருக்கும்.

இனி கெத்து. சூப்பர்மேன் என்பது இரட்டை வேடம். நாம் பாதியை மறந்துவிட்டுப் பேசுகிறோம். கண்ணாடி போட்டுக் கூனிக்கொண்டு நடக்கும் நிருபர் கிளார்க், பறக்கிற சூப்பர்மேன், இரண்டும் ஒரே ஆள். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர் பயந்தாங்கொள்ளியாகவும் வீரனாகவும் வருவார் அல்லவா, அந்த வித்தை இதற்கு வேண்டும். 1978 படத்தில் கூட வேலை செய்யும் நிருபர் லோயிஸ் வீட்டில் ரீவ் கண்ணாடியைக் கழற்றி முதுகை நிமிர்த்துவார். ஒரு வசனமும் இல்லாமல் ஆள் மாறிவிடுவார். பிறகு பயந்து மறுபடி கூனிக்கொள்வார்.

இப்போது காவில் கட்சிக்காரர்களைக் கேட்கிறேன். காவில் கிளார்க்காக நடித்த நல்ல காட்சி ஒன்று சொல்லுங்கள். சொல்ல முடியாது, ஏனென்றால் 2013 படத்தில் அவர் பத்திரிகை ஆபீஸுக்கு வேலைக்குச் சேருவதே கடைசிக் காட்சியில்தான். அது காவிலின் குறையில்லை. அந்தப் பாதியைக் கதையிலேயே வைக்கவில்லை. இந்தச் சண்டையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். பேச்சு நடிகரைப் பற்றி இருக்கும், கோபம் இயக்குநர் எடுத்த முடிவின் மேல் இருக்கும். புது ஆளுக்குக் கெத்து இல்லை என்பவர்களுக்கும் இதே பதில். கெத்து வேண்டாம் என்று எழுதி வைத்துக்கொண்டுதான் ஆள் தேடியிருக்கிறார்கள்.

7. லெக்ஸ் லூதரா வந்தவரையே சூப்பர்மேனாப் போட்டிருக்கலாமே?

நிக்கோலஸ் ஹோல்ட் சூப்பர்மேன் வேடத்துக்கும் தேர்வுக்குப் போனவர்தான். அதற்கு முன்னால் பேட்மேன் வேடத்துக்கும் போய், ராபர்ட் பாட்டின்சனிடம் அதை விட்டார். கடைசியில் வில்லன் லூதர் ஆனார். படத்தில் சூப்பர்மேனைப் பார்த்து அவர் பொறாமையில் வேகும்போது எனக்கு இந்தச் சமாசாரம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நல்ல காஸ்டிங் என்பது சில சமயம் தோற்ற ஆளை எதிரில் நிறுத்துவது.

8. மறுபடி ஜட்டியை வெளியே போட்டுட்டாங்களே, இது தேவையா?

கேட்காத ஆள் இல்லை. பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். 1938-இல் பாத்திரம் பிறந்தபோது சர்க்கஸ் பயில்வான்கள் போடும் உடுப்பு மாதிரி வரைந்தது அது. 2013 படத்தை இயக்கிய ஸாக் ஸ்னைடர் அதை எடுத்துவிட்டார். 2025-க்கு வைக்கலாமா வேண்டாமா என்று அந்தப் படத்தை இயக்கிய கன் தடுமாறிக்கொண்டிருந்தபோது வைக்கச் சொல்லி வாதாடியது கோரன்ஸ்வெட்தான். வானத்திலிருந்து வந்து, கண்ணால் நெருப்புக் கக்குகிற ஒருவனைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படக் கூடாது என்றால் அவன் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு இது சரியாகப் பட்டது. அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் பூதத்தைப் பாருங்கள். கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும், குழந்தைகள் அதன் காலடியில்தான் விளையாடும்.

9. ஹீரோ என்ட்ரியே அடி வாங்கிட்டுப் பனியில பொத்துனு விழறதா? இது என்ன டைரக்‌ஷன்?

எல்லாச் சண்டைக்கும் மூலம் இந்தக் காட்சிதான். திரையில் எழுத்து ஓடும். முன்னூறு வருடம் முன்னால், முப்பது வருடம் முன்னால், மூன்று வருடம் முன்னால் என்று குறைந்துகொண்டே வந்து, மூன்று நிமிடம் முன்னால் சூப்பர்மேன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றான் என்று முடியும். அடுத்த நொடி அவன் வானத்திலிருந்து பனியில் வந்து விழுவான். எலும்பு உடைந்து கிடப்பவனை ஒரு நாய் வந்து இழுத்துக்கொண்டு போகும். விசிலடிக்க வாயில் விரல் வைத்தவன் விரலை அப்படியே எடுத்துவிட்டான்.

நமக்கு என்ட்ரி என்றால் முதலில் செருப்பு தெரியும், அப்புறம் கை, அப்புறம் தூசி பறக்கும், கடைசியில் முகம். 2013 படத்தில் அது உண்டு. காவில் முதன்முதலாகப் பறக்கும்போது தரை அதிரும், ஹான்ஸ் ஜிம்மர் இசை நெஞ்சில் அடிக்கும். அந்தக் காட்சியை இன்றைக்குப் போட்டாலும் நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். ஸ்னைடர் எடுத்தது சாமி படம். சாமி இறங்கி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர் கேள்வி. அதனால் அங்கே சூப்பர்மேன் எப்போதும் கீழிருந்து மேலே பார்க்கும் கோணத்தில், வெயிலைப் பின்னால் வைத்துத்தான் தெரிவான். கன் எடுத்தது ஒரு நல்ல பையனின் கதை. நல்ல பையன் தோற்கலாம், லோயிஸ் பேட்டி எடுக்கும்போது கோபப்பட்டு உளறலாம், ஊரே இடிந்துகொண்டிருக்கும்போது ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விடலாம்.

அந்த அணில் காட்சியை முன்னோட்டமாகப் பார்த்தவர்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. கன் அதை எடுத்துவிட்டு, மனசு கேட்காமல் மறுபடி சேர்த்தார். அமெரிக்கர்களுக்கு அது விநோதமாக இருக்கலாம். அணிலுக்கு முதுகு தடவிக் கொடுத்த ராமன் கதையைக் கேட்டு வளர்ந்த நாம் அதைக் கேலி செய்யலாமா?

ஆனால் பாராட்டு இதோடு சரி. நடுவில் லூதர் உண்டாக்கிய அந்தப் பாக்கெட் பிரபஞ்சத்துக்குள் போனதும் படம் திணறுகிறது. மிஸ்டர் டெரிஃபிக், ஹாக்கேர்ள், கை கார்ட்னர், மெட்டமார்ஃபோ என்று பந்திக்கு வந்த துணை ஹீரோக்கள் அத்தனை பேருக்கும் இலை போட வேண்டியிருக்கிறது. டெரிஃபிக்காக வந்த எடி கதேகி மட்டும் தன் இலையைச் சுத்தமாக வழித்தார். இயக்குநரும் கன், எழுதியவரும் கன், ஸ்டுடியோ தலைவரும் கன். இந்த இடத்தை வெட்டு என்று சொல்ல யாருமில்லை.

10. அப்ப ஸ்னைடர் பெரிய டைரக்டரா, ஜேம்ஸ் கன்னா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஒரு தகவல் சொல்கிறேன். 2004-இல் ஸ்னைடர் இயக்கிய முதல் படம் 'டான் ஆஃப் த டெட்'. அதன் திரைக்கதையாசிரியர் ஜேம்ஸ் கன். நம் கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொள்கிற இரண்டு கட்சியின் தலைவர்களும் முதலில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

கன் வெறும் காமெடி இயக்குநர் என்பதும் முழு உண்மை இல்லை. 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' மூன்றாம் பாகத்தில் அந்த ராக்கூன் குட்டியின் கதையைப் பார்த்து அழுதவர்கள் இப்போது காமெடி என்கிறார்கள்.

11. சூப்பர்மேனோட பெத்த அப்பா அம்மாவையே கெட்டவங்களா மாத்திட்டாங்களே. மூலக்கதையை இப்படி மாத்தலாமா?

கிரிப்டான் கிரகத்திலிருந்து பெற்றவர்கள் அனுப்பிய செய்தியின் பாதிதான் சூப்பர்மேனுக்குத் தெரியும்: மக்களுக்கு உதவு. மீதிப் பாதியை லூதர் ஆள் வைத்து மீட்டு உலகத்துக்கே போட்டுக் காட்டுவான்: அந்தப் பூமியை நீ ஆள வேண்டும். இது பொய்யாக இருக்கும், கடைசியில் தெளிந்துவிடும் என்று காத்திருந்தேன். தெளியவில்லை. செய்தி உண்மைதான்.

மாற்றலாமா என்றால் மாற்றலாம், காரணம் இருந்தால். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குவான். கம்பர் அதை ஒப்பவில்லை. பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்து எடுத்துப் போகவிட்டார். மாற்றியதற்குக் காரணம் இருந்தது, கேட்டவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கன்னிடமும் காரணம் இருக்கிறது. பெற்றவர்கள் சொன்னதால் இவன் நல்லவன் இல்லை, கான்சாஸில் வளர்த்த விவசாயிகள் இருவரால் நல்லவன். படம் முடியும்போது அவன் பார்ப்பது அவர்களோடு இருந்த பழைய வீடியோக்களைத்தான். எனக்குப் பிடித்தது. என் தம்பிக்கு இன்றுவரை பிடிக்கவில்லை, "பெத்தவங்களைக் கெடுத்தா ஆகாதுங்கண்ணா" என்கிறான். அதோடு, 2013-இல் சூப்பர்மேன் வில்லன் ஸாடின் கழுத்தை முறித்தபோது "இவன் கொல்லவே கூடாது" என்று கத்தியது இப்போது கன்னைப் புகழ்கிற கட்சி. மூலத்தை மாற்றக் கூடாது என்ற சட்டம் எதிர்க்கட்சிக்கு மட்டும்தான் பொருந்தும்போல.

12. ஃபேன்ஸ் சேர்ந்து எதிர்த்தா ஆளை மாத்துவாங்களா?

1989 பேட்மேனுக்கு மைக்கேல் கீட்டன் என்றதும் ஸ்டுடியோவுக்கு 50,000 எதிர்ப்புக் கடிதம் போனதாகச் சொல்வார்கள். இன்டர்நெட் இல்லாத காலம், ஒவ்வொன்றும் ஸ்டாம்பு ஒட்டிய கடிதம். ஆளை மாற்றவில்லை. படம் வந்ததும் அதே கீட்டனைத் தலையில் வைத்து ஆடினார்கள். ஹீத் லெட்ஜர் ஜோக்கர் என்றதும் காதல் பட நடிகனா என்று சிரித்தார்கள். இறந்த பிறகு 2009-இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பேட்மேன் வேடத்துக்கு 2013-இல் பென் அஃப்லெக் என்றதும் இணையத்தில் கையெழுத்து இயக்கம், 2019-இல் பாட்டின்சன் என்றதும் வேம்பயராக நடித்தவர் என்று கிண்டல். யாரையும் மாற்றவில்லை.

இதை வைத்து "எதிர்ப்பு வந்தால் நடிகர் ஜெயிப்பார்" என்று ஒரு பையன் புது சட்டமே போட்டான். அதுவும் இல்லை. எதிர்ப்பு வந்து, படமும் ஓடாமல் போனவை உண்டு. 2015 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஞாபகம் இருக்கிறதா? மைக்கேல் பி. ஜோர்டான் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். படம் விழுந்தது, ஆனால் அவரால் இல்லை. மூன்றே வருடத்தில் 'பிளாக் பேந்தர்' வில்லனாக வந்து எல்லோரையும் வாயடைக்க வைத்தார். அதே ஆள், வேறு இயக்குநர். 6-இல் சொன்னதுதான்.

13. ஸ்னைடர் கட் மாதிரி நாமளும் டிரெண்ட் பண்ணினா காவில் திரும்பி வருவாரா?

ஸ்னைடர் கட் என்பது ஏற்கெனவே படம் பிடித்து வைத்திருந்த காட்சிகள். 2017-இல் மகளின் மரணத்துக்குப் பிறகு ஸ்னைடர் பாதியில் விலக, வேறொருவர் முடித்த 'ஜஸ்டிஸ் லீக்' படம் வெளியானது. அதில் காவிலின் மேலுதட்டைப் பார்த்தீர்களா? வேறு படத்துக்கு வளர்த்த மீசையைக் கம்ப்யூட்டரில் மழித்திருந்தார்கள். ரசிகர்கள் மூன்று வருடத்துக்கு மேல் விடாமல் கேட்டு, 2021 மார்ச்சில் நான்கு மணி நேரப் படம் ஓடிடியில் வந்தது. நல்ல படம். ஆனால் அதற்குத் தொடர்ச்சி வரவில்லை. இருந்ததை வெளியே எடுக்க டிரெண்ட் உதவியது, இல்லாததை எடுக்க வைக்கவில்லை.

அடுத்த படம் 'மேன் ஆஃப் டுமாரோ', 2027 ஜூலை 9 என்று அறிவித்திருக்கிறார்கள். அதிலும் கோரன்ஸ்வெட்தான். காவிலைப் பார்க்க ஆசையென்றால் 2024 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' படத்தில் சுருட்டோடு ஒரு நிமிடம் வருவார். திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.

14. வசூல்ல யாரு ஜெயிச்சாங்க?

இரண்டு கட்சிக்கும் ஆளுக்குப் பாதி. உலகம் முழுவதும் 2013 படம் சுமார் 67 கோடி டாலர், 2025 படம் சுமார் 62 கோடி. அமெரிக்காவில் மட்டும் பார்த்தால் 2013-க்கு 29 கோடி, 2025-க்கு 35 கோடி. பன்னிரண்டு வருட விலைவாசியைச் சேர்த்தால் காவில் படம் இன்னும் மேலே போகும். வசூலை வைத்து நல்ல படம் எது என்று முடிவு செய்வதானால் இந்தப் பதினாலு கேள்வி எதற்கு?

15. மலையாளிப் பசங்க எதுக்கெடுத்தாலும் "எங்க மின்னல் முரளியைப் பாரு"ங்கறாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

கடைக்கு வருகிற சித்தூர் ஏட்டன்மார்கள் இதைச் சொல்லும்போது நம் ஆட்களுக்கு எரியும். ஆனால் அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 2021-இல் பேசில் ஜோசப் எடுத்த சூப்பர்ஹீரோ படம். ஹீரோ ஊர்த் தையல்காரன். ஹாலிவுட் காசில் பொட்டுகூட இல்லை. வில்லனாக வந்து எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் குரு சோமசுந்தரம், நம் தமிழ்நாட்டுக்காரர், கூத்துப்பட்டறையில் வளர்ந்தவர். அவரை மலையாளப் படத்தில் போட யாருக்குத் தோன்றியதோ அவருக்கு ஒரு மாலை போடலாம். இதை எடுத்துச் சொன்னால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' இன்னொரு படி. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிக் கதையை எடுத்து, கல்யாணி பிரியதர்ஷனை சூப்பர்ஹீரோ ஆக்கினார்கள். நாயகி படம் ஓடாது என்றவர்கள் வாயை அடைத்து, அதுவரை எந்த மலையாளப் படமும் தொடாத வசூலைத் தொட்டது. நீலி கதை தமிழருக்கும் தெரிந்த கதைதான். நாம் அதைச் சொல்லிக் குழந்தைகளைத் தூங்க வைத்தோம், அவர்கள் படம் எடுத்தார்கள்.

16. அமெரிக்க ஹீரோவுக்கு எதுக்கு எப்பவும் பிரிட்டிஷ்காரனையே போடறாங்க?

எப்போதும் இல்லை. காவில் பிரிட்டிஷ் தீவான ஜெர்சியில் பிறந்தவர். ஸ்பைடர்மேன் டாம் ஹாலண்ட் லண்டன்காரர். கோரன்ஸ்வெட் அமெரிக்கர், ஃபிலடெல்பியா. புது ஆள் கட்சியில் சிலர் இதையே ஒரு தகுதியாகச் சொல்கிறார்கள்.

வடவன்னூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். எம்.ஜி.ஆரின் அம்மா பிறந்த ஊர். எம்.ஜி.ஆர் பிறந்தது இலங்கையில், தாய்வழி பாலக்காடு, ஆண்டது தமிழ்நாட்டை. இந்தக் கேள்வியை நம் தாலுகாவில் நின்றுகொண்டு கேட்பவரிடம் நான் வேறு என்ன சொல்ல?

17. தம்பி, நாங்க லயன் காமிக்ஸ்ல படிச்ச ஸ்பைடரும் இந்த ஸ்பைடர்மேனும் ஒண்ணா? அதுக்கு ஏன் யாரும் படம் எடுக்கலை?

கேட்டவர் ஓய்வு பெற்ற தமிழ் மீடியம் வாத்தியார். ரோடு வரைக்கும் வந்து நின்ற சண்டையை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கேட்டார். ஒன்றில்லை. சிவகாசியிலிருந்து 1984 முதல் வந்த லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர், கூரான காதும் வலைத் துப்பாக்கியுமாக வருகிற பிரிட்டிஷ் பாத்திரம். முதலில் குற்றவாளிகளின் ராஜாவாக இருந்து பிறகு நல்லவனாக மாறியவன். அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு.

ஆனால் அந்த பிரிட்டிஷ் ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். 1938-இல் இருவரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். கோடி கோடியாகச் சம்பாதித்தது வேறு ஆட்கள். 1975-இல் பத்திரிகைகளில் சத்தம் கிளம்பிய பிறகுதான் வருடத்துக்கு 20,000 டாலர் பென்ஷனும், படத்தில் பெயர் போடுவதும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், 1960-களில், சீகல் எழுதியவைதான் நம் ஸ்பைடர் கதைகள்.

இதைச் சொன்னதும் வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அந்தாளு எழுதினதை நான் நாப்பது வருஷம் முன்னாலயே படிச்சிட்டேன்" என்றார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சூப்பர்மேனுக்குப் பொள்ளாச்சியில் தமிழ் ஷோ ஒரு டிக்கெட் போடச் சொன்னார். ஓரத்துச் சீட்டு, மூட்டுவலி, காலை நீட்டிக்கொள்ள.